சாத்தூர் உறுப்பினர் பேசியதும் பேசாததும்

(இருக்கன்குடியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம தொகுதி உறுப்பினர் ஒருத்தர் சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்று பேசச் சொன்னார்கள். இப்ப இருக்கிறவரைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் கை தட்டுவீக, பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருவீக. அதனால் எல்லாருக்கும் பொதுவான ஒருத்தரை எடுத்துக்கொண்டேன். 1957-லும் 1962-லும் சாத்தூர் தொகுதியில் நின்று ஜெயித்தவர். பேரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், காமராஜர்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? விருதுநகர் வீட்டில் அம்மாவுக்குத் தனியாகப் போட்ட தண்ணிக் குழாயைப் பிடுங்கச் சொன்ன கதை, கட்டிக்கொண்டிருந்த நாலு முழ வேட்டி, பள்ளிக்கூடத்துச் சோறு. பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு ஜூலை 15 வந்தால் இதைத்தான் மனப்பாடம் பண்ணுதுக. இந்தக் கதைகளில் ஒரு நட்டம் இருக்கு. அவர் நல்லவர் என்பது மட்டும் மனதில் நிற்கிறது, அவர் செய்த வேலை மறந்து போகிறது. நல்லவர் நூறு பேர் உண்டு. ஒன்பதரை வருசம் முதலமைச்சராக இருந்து, எதிர்க்கட்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, டெல்லியில் பணம் கேட்டு, கம்பி இழுத்து, அணை கட்டி, பஞ்சாயத்துச் சட்டம் போட்டு, சிலதைச் செய்யாமலும் விட்டவர் அவர். இன்றைக்கு அந்த வேலையைப் பற்றிப் பேசுவோம்.

நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் சட்டமன்றத் தொடர்பு 1957-ல் தொடங்கியதில்லை. 1937-லேயே சாத்தூர் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து போட்டியில்லாமல் தேர்வானவர். அன்றைக்குச் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. உங்க அம்மாச்சிகளில் அநேகம் பேருக்கு ஓட்டே கிடையாது. எல்லாருக்கும் ஓட்டு வந்தது 1952 தேர்தலில். அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்றத்தில் அவருக்கு இடம் கிடையாது. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். அங்கே அவருக்கு ஆதரவு கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாதுரை! பின்னால் அவரையே சட்டமன்றத்தில் எதிர்த்து உட்காரப்போகிறவர்.

மந்திரிசபை அமைத்தபோதும் இதே மாதிரி ஒரு காரியம் செய்தார். முதலமைச்சர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரி ஆக்கினார். மொத்தமே எட்டு மந்திரிகள். நம்ம கூட்டமைப்புத் தேர்தலில் தோத்த அணியோடு ஆறு மாசம் பேசாமல் இருக்கிறோமே, அதனால்தான் இதைச் சொன்னேன். யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

சட்டமன்றத்தில் காமராஜர் அடுக்குமொழி பேசினவர் இல்லை. பட்ஜெட் வாசிப்பது, விளக்குவது, மறுப்பது எல்லாம் பெரும்பாலும் சி. சுப்பிரமணியம்தான். தொழில் துறை 1957-க்குப் பிறகு ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவர். மராமத்துத் துறை கக்கன். உள்ளாட்சி, லூர்து அம்மாள் சைமன் என்ற கொளச்சல் தொகுதி உறுப்பினர். 1957 மந்திரிசபையில் ஒரு பெண் இருந்தார், அவர் கையில் பஞ்சாயத்துகள் இருந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1958-ல் வந்த பஞ்சாயத்துச் சட்டமும், அதன் பிறகு நாம் இன்றைக்கும் படி ஏறி இறங்குகிற ஊராட்சி ஒன்றியங்களும் அந்தக் காலத்தில் உருவானவை. அவர் பேரில் ஒரு கட்டடமாவது நம்ம பக்கம் இருக்குமா, தேடினால் தெரியும்.

காமராஜர் சபையில் அதிகம் சொன்னதும் வெளியில் அதிகம் சொன்னதும் ஒரே சொல்தான் என்பார்கள். "ஆகட்டும், பார்க்கலாம்." இந்தச் சொல்லை இன்றைக்கு அலுவலகத்தில் கேட்டால் நமக்கு வயிறு எரியும். அவர் சொன்னதில் சிலது நடந்தது. எது நடந்தது, ஏன் நடந்தது என்று பார்த்தால்தான் நமக்குப் பாடம்.

எதிரே யார் இருந்தார்கள்? 1957-ல் தி.மு.க. முதல்முறையாகத் தேர்தலில் நின்று 15 பேர் உள்ளே வந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாதுரை. குளித்தலையிலிருந்து மு. கருணாநிதி, அவர் முதல் பேச்சே நங்கவரத்துக் குத்தகை விவசாயிகளைப் பற்றி. பதினைந்து பேர் சேர்ந்து ஒரு அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியாது. ஆனால் கேட்க முடியும். அவர்கள் கேட்ட பெரிய கேள்வி திட்டத்தைப் பற்றித்தான்.

திட்டம் என்றால் என்ன? நம்ம குழுவில் கடன் திட்டம் போடுகிறோமே, அதே வேலைதான். யாருக்கு என்ன தேவை, சேமிப்பு எவ்வளவு இருக்கு, வங்கி எவ்வளவு தரும், முதல்ல யாருக்கு. நாட்டுக்கு அதை ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை போட்டார்கள். இரண்டாவது திட்டம் 1956-லிருந்து 1961 வரை, மூன்றாவது 1961-லிருந்து 1966 வரை. ஆனால் பெரிய பணப்பெட்டி டெல்லியில். பெரிய இரும்பாலைகள் எல்லாம் வடக்கே போகுது, சேலத்தில் இரும்புத் தாது கிடக்குது, தூத்துக்குடித் துறைமுகத்தைப் பெரிசாக்கலை, தெற்கு தேயுது என்று அண்ணாதுரையின் கட்சி சபையிலும் வெளியிலும் பேசியது. அரசாங்கத் தரப்பு, நம்ம மாநிலத்துக்கும் வருது பாருங்க என்று நெய்வேலியைக் காட்டியது, அணைகளைக் காட்டியது, தொழிற்பேட்டைகளைக் காட்டியது.

இதில் யார் சொன்னது சரி? ரெண்டு பேர் சொன்னதும் சரி என்று சொன்னால் நழுவுகிற மாதிரி இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சேலம் இரும்பாலைக்கு அடிக்கல் போட்டது 1970-ல். தூத்துக்குடி பெரிய துறைமுகம் ஆனது 1974-ல். அப்படியென்றால் கேட்டவர்கள் இல்லாத குறையைச் சொல்லவில்லை. அதே நேரம், சபையில் இப்படி நாலு பேர் கத்துகிறார்கள் என்பது டெல்லிக்குப் போய்ப் பேசுகிற முதலமைச்சருக்குப் பலவீனம் இல்லை, பலம் என்பது என் கருத்து. வங்கி மேலாளரிடம் தலைவி தனியாகப் போனால் ஒரு மரியாதை. "உறுப்பினர்கள் எல்லாம் வெளியில நிக்கிறாக சார், பதில் சொல்லாமப் போக மாட்டேங்கிறாக" என்று சொன்னால் வேற மரியாதை.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் மின்சாரம் மலையில் விழுகிற தண்ணீரிலிருந்து வந்தது. பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. மழை பொய்த்தால் கரண்டும் பொய்த்துவிடும். ஆலைகளுக்கு வெட்டு, பிறகு வேலைக்கு வெட்டு. அதனால் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, கனடா நாட்டு உதவியோடு நீலகிரியில் குந்தா. இன்னொன்று நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது முன்பே தெரியும், தோண்டப் பணம் வேண்டும். 1956-ல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962-ல் கரண்டு வந்தது. அதே 1957 ஜூலை 1-ல் மாநில மின்சார வாரியம் அமைந்தது. மழை வந்தாலும் வராவிட்டாலும் எரிகிற விளக்கு இந்த ஏற்பாட்டால் வந்தது.

அந்தக் கரண்டைக் கிராமத்துக்கு இழுப்பதில் சென்னை மாநிலம் நாட்டுக்கே முன்னால் நின்றது. இந்தியாவிலேயே மின்சார பம்புசெட்டு அதிகம் ஓடியது இங்கேதான். இதில் பெருமைப்பட இருக்கு. ஆனால் கம்பி எந்த ஊருக்கு முதலில் போச்சு என்று கேட்க வேண்டும். வாரியம் சும்மா இழுக்காது. இந்த ஊருக்கு இழுத்தால் எவ்வளவு வசூலாகும் என்று பார்க்கும். கிணறும் பம்புசெட்டும் நிறைய இருந்தால் வசூல் வரும். கோயம்புத்தூர்ப் பக்கம் கிணறு நிறைய, கம்பியும் நிறைய. நம்ம கரிசல்காடு மானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி, எல்லாம் மழையை நம்பி. கிணறு தோண்டினாலும் உப்பு. பம்புசெட்டு இல்லாத ஊருக்கு வசூல் கணக்கு எப்படித் தேறும்?

இங்கே பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பகலில் காட்டு வேலை, ராத்திரி சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டினார்கள். பசை ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம், பிள்ளை மடியில். ஊருக்கெல்லாம் நெருப்புக் கொடுத்த தீப்பெட்டி மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் உருவானது. அந்த மண்ணெண்ணெய்ச் செலவு அவர்கள் கூலியிலிருந்து போனது. வசூல் கணக்குப் போட்ட எந்தத் தாளிலும் அந்தச் செலவு ஏறியிருக்காது. ஒரு தெருவில் நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு விளக்கு, வருசத்துக்கு இத்தனை படி மண்ணெண்ணெய் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், கரண்டுக்கு நாங்களும் காசு கொடுப்போம் என்று நிரூபித்திருக்கலாம். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. குழு இல்லை, கூட்டமைப்பு இல்லை.

அடுப்பு அதைவிட மோசம். அந்த நாளில் ஆற்றல் பற்றிப் பேச்சு என்றால் மின்சாரம்தான். சீமைக்கருவேல முள்ளை வெட்டித் தலையில் சுமந்து வந்து ஊதி ஊதிச் சமைத்தவளின் நேரத்துக்கும் நெஞ்சுக்கும் கணக்குக் கிடையாது.

அணை விஷயத்திலும் இப்படித்தான். அவர் காலத்தில் கட்டிய அணைகளைச் சொன்னால் பெரிய வரிசை: வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி. அவரே உறுப்பினராக இருந்த சாத்தூருக்கு? அர்ச்சுனா நதியும் வைப்பாறும் நம்ம அம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன என்றுதான் பேரு, ஓடுகிற நாள் எத்தனை என்று நமக்குத் தெரியும். வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி, நம்ம இருக்கன்குடி அணை எல்லாம் அவர் காலத்துக்கு வெகு காலம் கழித்து வந்தவை. தன் தொகுதிக்கு மட்டும் அள்ளிக்கொண்டு போகவில்லை என்று இதைப் பெருமையாகவும் சொல்லலாம். தண்ணி இல்லாதவன் குறையாகவும் சொல்லலாம். 1967-ல் விருதுநகரில் பெ. சீனிவாசனிடம் 1285 ஓட்டில் தோற்றார். அதற்கு அரிசி, இந்தி, மாணவர் போராட்டம் என்று பெரிய காரணங்கள் உண்டு. அந்தத் தோல்வியை நம்ம பெரியவர்கள் இன்றைக்கும் ஒரு குற்ற உணர்ச்சியோடுதான் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள். அது அவர்கள் உரிமை.

சரி, அவர் சொன்னதில் நடந்தது எது? பள்ளிச் சோறு. 1956-ல் தொடங்கியது, அதுவும் நமக்கு அடுத்த பக்கம், எட்டயபுரத்தில். அப்போது கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. பணம் எங்கே என்றுதான் முதல் கேள்வி வந்தது. அதற்குக் கண்டுபிடித்த வழியை நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்றால் அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. ஊர்க்காரர்கள் அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள், காய் கொடுத்தார்கள். இன்றைக்கு "அரசுத் திட்டம்" என்று சொல்லும்போது அதில் கைப்பிடி அரிசி போட்ட கிழவிகளின் பங்கை விட்டுவிடுகிறோம். நம்ம குழுக்கள் பல இடங்களில் பிடி அரிசியில்தான் தொடங்கின.

இன்னொன்று மொழி. 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. சாதாரணமாகப் பள்ளி தாண்டாத ஒரு முதலமைச்சரின் காலத்தில், கணக்கும் திட்டமும் தமிழில் பேசுகிற பழக்கம் வந்தது. மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், கேள்வி நேரம் என்ற சொற்கள் எல்லாம் தமிழில் புழங்கியதால்தான் பேப்பரில் வந்தன, டீக்கடையில் படித்தார்கள். வெட்டுத் தீர்மானம் என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு துறைக்குக் கேட்கிற கோடிக்கணக்கான பணத்தில் ஒரு நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி எழுதிக் கொடுக்கும். நூறு ரூபாய் முக்கியமில்லை. அதைச் சாக்காக வைத்து "என் ஊரில் விளக்கு ஏன் எரியவில்லை" என்று கேட்கலாம், மந்திரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அது பதிவாகிவிடும். தோற்றுப் போகும் என்று தெரிந்தே கொடுப்பார்கள். பதிவுக்காகக் கொடுப்பார்கள்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருகிறேன்.

வருசத்துக்கு ஆறு கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம கூட்டமைப்புத் தயாரிக்கிற கிராம வறுமை குறைப்புத் திட்டம் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும் என்று விதி இருக்கு. 1950-களில் டெல்லியும் சென்னையும் பேசிய அதே பேச்சின் கடைசிப் படி நம்ம கையில் இருக்கு. போன தடவை அதை எப்படித் தயாரித்தோம்? கோபப்படாதீக. மூணு பேர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, முந்தின வருசத் தாளைப் பார்த்து எழுதினோம். நானும் சேர்ந்துதான். கிராமசபையில் அதை யாரும் வாசிக்கவே இல்லை. நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டோம்.

கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார், "பட்டாசு ஆபீஸ் வேன் ராத்திரி இறக்கிவிடுற இடத்துல லைட் இல்ல, பொம்பளப் பிள்ளைக எப்படி நடந்து வரும்?" நல்ல கேள்வி. பதில் வந்தது, "சரிம்மா, பாக்கலாம்." பதிவில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? எந்தக் கம்பம், எத்தனை கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை, எத்தனை பேர் இறங்குகிறார்கள், இது எதுவும் நம் கையில் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கு. அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால் "பாக்கலாம்" என்று சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வராது. தீர்மான நோட்டு எழுத நமக்குத் தெரியும். வாராவாரம் எழுதுகிறோம், ஐந்து ரூபாய் அபராதத்தைக்கூட விடாமல் எழுதுகிறோம். கிராமசபைத் தீர்மானமும் அதே எழுத்துத்தான்.

சூரிய மின்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் வந்தது. அதைப் பார்த்து கரிசல் நிலத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். கரண்டு நாட்டுக்கு வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காட்டுக்காரருக்குக் குத்தகையோ கிரயமோ பணம் வந்துவிடும். அந்தக் காட்டில் களை எடுத்தவளுக்கும், பருத்தி எடுத்தவளுக்கும், ஆடு மேய்த்தவளுக்கும் பத்திரத்தில் பெயர் கிடையாது. அன்றைக்கு மண்ணெண்ணெய்க் கணக்கு விட்டுப்போன மாதிரி இன்றைக்கு இது விட்டுப்போகும். ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்கள் யார் காட்டில் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்று இந்த வருசம் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். நிலம் போவதற்கு முன்னால் எழுத வேண்டும், போன பிறகு எழுதினால் அது ஒப்பாரிதான்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தினார்கள். நம்மில் சிலர் வார்டு உறுப்பினராக இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வருகிறார். சிரிக்காதீக, இதையும் ஒரு நாள் தனியாகப் பேச வேண்டியிருக்கு.

வறுமை குறைப்புத் திட்டத்தை இந்தத் தடவை தெருத்தெருவாக எடுக்கலாம் என்று காலையில் நிர்வாகக் குழுவில் பேசினோம். விளக்குக் கம்ப நம்பரையும் வேன் நேரத்தையும் எடுக்க நாலு குழு பேர் கொடுத்திருக்கு. காட்டு வேலைக் கணக்குக்கு இன்னும் ஒரு குழுகூட முன்வரவில்லை. நோட்டு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கு, பொருளாளர் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.